இரண்டு தேதிகளுக்கு நடுவே கிறிஸ்துமஸ்: ஆலோசனை தேவை

வெளிநாட்டில் குடும்பமாக ஊழியம் செய்யும் அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். நாங்கள் இருக்கும் நாட்டின் பெரும்பாலான சபைகள் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுவதால், இன்று பொது வழக்கிலுள்ள கிரிகோரியன் நாட்காட்டியோடு அதற்குள்ள 13 நாள் வித்தியாசத்தின்படி, இங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி 7 அன்றுதான் வருகிறது. டிசம்பர் 25 சாதாரண வேலைநாள், பள்ளிக்கும் விடுமுறை இல்லை. எனக்கும் என் மனைவிக்கும் இது பழகிவிட்டது (காத்திருப்பின் நாட்கள் நீள்வதில் எனக்குச் சிறு மகிழ்ச்சிகூட உண்டு). ஆனால் அன்று காலை தாத்தா பாட்டியின் வீடியோ அழைப்பு முடிந்ததும் பிள்ளைகள் பேசாமல் புத்தகப்பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதைப் பார்க்க மனம் தாங்கவில்லை. இரண்டு நாட்களையும் கொண்டாடினால் உள்ளூர் விசுவாசிகளிடமிருந்து விலகி நிற்பதாகத் தோன்றுமோ என்ற தயக்கமும் இருக்கிறது. இத்தகைய சூழலில் பிள்ளைகளை வளர்த்தவர்கள், வீட்டில் எந்த நாளை முதன்மையாக வைத்தீர்கள், அதைச் சபையாரிடம் எப்படி விளக்கினீர்கள் என்று எழுதினால் பேருதவியாக இருக்கும்.