வீட்டு ஏசியும் புவி வெப்பமும்: நம் பங்கு எவ்வளவு?

மடிப்பாக்கம் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். மூன்றாம் மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருக்கிறோம். ஏப்ரல், மே மாதங்களுக்கு 640 யூனிட் கணக்கிடப்பட்டிருந்தது. மின் கட்டண விவரத்தைப் பார்த்த என் மகள், "உலகம் சூடாவதில் நம் வீட்டின் பங்கு எவ்வளவு அம்மா?" என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல இயலவில்லை. பணக்கார நாடுகள் செய்த கேட்டுக்கு நாம் ஏன் வியர்வையில் கிடக்க வேண்டும் என்கிறார் என் கணவர். அதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இரண்டு ஏசிகளில் மாமியார் அறையில் உள்ளது மிகப் பழையது; அவருடைய வயதை எண்ணி அதை நிறுத்தவும் மனம் வரவில்லை. உண்மையிலேயே பயன் தருவது எது, எங்கே தொடங்குவது என்று விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற மின் பொறியாளர்:
மகளுக்குக் கணக்கையே சொல்லிவிடுங்கள். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால், யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் அளவில் கரியமில வாயு வெளியாகிறது. 640 யூனிட்டுக்கு ஏறத்தாழ 450 கிலோ. கணவர் சொல்வதும் தவறன்று. இந்தியர் ஒருவர் வெளியிடும் கரியமில வாயுவின் ஆண்டுச் சராசரி சுமார் 2 டன், அமெரிக்கர் ஒருவருடையது சுமார் 14 டன். ஆனால் அந்த 2 டன், ஒற்றை மின்விசிறி மட்டுமே ஓடும் வீட்டையும் நம்மைப் போன்றோர் வீட்டையும் சேர்த்துப் போட்ட சராசரி. அதன் நிழலில் நாம் ஒதுங்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மாமியார் அறை ஏசியை நிறுத்த வேண்டாம். 26-இல் வைத்து, மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீத அளவில் மின்சாரம் மிச்சமாகும். மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் உங்கள் தளத்துக்கு அது பேருதவியாக இருக்கும்.

ஏசி பழுதுநீக்குபவர்:
மின்சாரத்தைப் பற்றி ஐயா சொன்னது சரி. ஏசிக்குள் சுற்றிக் குளிரூட்டும் கேஸைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் பலரும் கவனிக்காத இடம் அதுதான். பழைய ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-22 என்ற கேஸ் இருக்கும். அதில் ஒரு கிலோ காற்றில் கலந்தால், சுமார் 1,800 கிலோ கரியமில வாயு கலந்ததற்கு ஒப்பாகும். அதாவது அரை கிலோ கசிந்தாலே உங்கள் நான்கு மாத மின்சாரத்துக்குச் சமமாகிவிடும். வண்டியில் பெட்ரோல் தீர்வதைப் போல ஏசியில் கேஸ் தீர்வதில்லை. அது மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். ஆண்டுதோறும் "டாப்-அப்" என்று குறைந்த கேஸை நிரப்பிவிட்டுப் போபவரிடம், முதலில் கசிவைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். குழாய் இணையும் நட்டுகளில் சோப்பு நுரையைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழ் எழும்புவது கண்ணுக்கே தெரியும். வீடு மாறும்போதும் கேஸைத் திறந்துவிடாமல், "பம்ப் டவுன்" செய்து, அதாவது வெளிப்புறப் பெட்டியான வெளி யூனிட்டுக்குள் அதை இழுத்து அடைத்த பிறகே ஏசியைக் கழற்ற வேண்டும். கால் மணி நேர வேலைதான், ஆனால் வாடிக்கையாளர் கேட்காவிட்டால் அவசரத்தில் பலர் செய்வதில்லை.

பள்ளிக்கரணைவாசி:
ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். ஈரக் கழிவைக் குப்பையோடு கலந்து அனுப்பினால், குப்பைக் கிடங்கின் அடியில் அது காற்றின்றி அழுகி, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவாகிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு தீப்பிடித்து நாட்கணக்கில் புகைந்தபோது, எங்கள் வீட்டு ஜன்னல்களைத் திறக்க முடியவில்லை. மாடியில் ஒரு தொட்டி வைத்து, காய்கறித் தோலின் மேல் காய்ந்த இலையையோ தென்னை நார்க்கழிவையோ தூவி வந்தால் நாற்றமின்றி உரமாகிவிடும்.

மடிப்பாக்கம் வாசகி:
அனைவருக்கும் நன்றி. இன்று காலை ஏசி பார்ப்பவரை அழைத்து நுரை தடவிப் பார்க்கச் சொன்னோம். மாமியார் அறை ஏசியின் வெளி யூனிட்டில் நட்டு ஒன்றில் சிறு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பியதை மகளும் பக்கத்தில் நின்று பார்த்தாள். மூன்று ஆண்டுகளாகக் கோடைதோறும் அந்த ஏசிக்குக் கேஸ் நிரப்பி வந்திருக்கிறோம். குழாய் முனையை வெட்டிப் புதிதாக விரித்து நட்டை மாற்றியிருக்கிறார். மாடிப் பூச்சைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசவிருக்கிறேன்.