மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் அளவைத் தீர்மானிப்பதில் மரபணுவின் பங்கு என்ன?

கேள்வி:
எனக்கும் என் அக்காவுக்கும் மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் ஆகின்றன. உடல் எடையில் எங்களுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ரத்தப் பரிசோதனையில் அவருடைய ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜன் வகைப் பெண் ஹார்மோன்) அளவு என்னுடையதைவிடக் கூடுதலாக வந்திருக்கிறது. சூலகம் ஓய்ந்துவிட்ட வயதில் இந்த ஹார்மோன் எங்கிருந்து வருகிறது? கூடப்பிறந்தவர்களுக்குள் இப்படி வேறுபடுவதற்கு மரபணு காரணமாகுமா?

பதில் 1:
மரபணுவுக்கு நிச்சயமாகப் பங்கு உண்டு. மாதவிடாய் நின்றபின், பெரும்பாலும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்னும் ஹார்மோனைக் கொழுப்புத் திசுவிலுள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி ஈஸ்ட்ரோன் என்னும் மற்றொரு வகை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அதில் ஒரு பகுதி பிறகு ஈஸ்ட்ரடையாலாகிறது. இந்த நொதிக்கான சிஒய்பி19ஏ1 மரபணு 15ஆம் குரோமோசோமில் உள்ளது. அதன் சில மாறுபாடுகளைப் பெற்ற பெண்களிடம் ஈஸ்ட்ரோஜன் அளவு சராசரியாக 10 முதல் 20 சதவீதம் வரை வேறுபடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. உடன்பிறந்தவர்களுக்கு இத்தகைய மாறுபாடுகளில் சராசரியாகப் பாதிதான் பொதுவாக அமையும் என்பதால், அக்காவிடம் இருப்பது உங்களிடம் இல்லாமற்போவது இயல்பே.

பதில் 2:
மேலே சொன்னதுடன், எனக்கு மிகுந்த வியப்பளித்த ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். சிஒய்பி3ஏ7 என்பது கருவின் ஈரலில் மும்முரமாக வேலை செய்து, பிறந்தபின் பெரும்பாலும் அடங்கிவிடும் மரபணு. ஆனால் 1சி எனப்படும் மாறுபாட்டைப் பெற்றவர்களிடம் அது பெரியவர்களான பிறகும் அடங்குவதில்லை. அத்தகைய பெண்களின் ரத்தத்தில் ஈஸ்ட்ரோனும், அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான டிஹெச்இஏ சல்பேட்டும் குறைவாகக் காணப்படுகின்றன. பாலியல் ஹார்மோன்களைப் பிடித்துச் சுமந்து செல்லும் எஸ்ஹெச்பிஜி புரதத்தின் அளவும், 17ஆம் குரோமோசோமிலுள்ள அதன் மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் நாங்கள் இருவரும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லதா?

பதில் 3:
இதற்காக வேண்டாம் என்பதே என் கருத்து. தனித்தனி மாறுபாடுகளின் விளைவு சிறியது; உடல் எடை கூடும்போது அரோமட்டேஸின் வேலை அதிகரித்து எஸ்ஹெச்பிஜி குறைவதால், ஈஸ்ட்ரோஜன் அளவை அது இவற்றைவிட வலுவாகவே மாற்றுகிறது. மேலும், இந்த வயதில் ஈஸ்ட்ரடையால் மிகக் குறைவாக இருப்பதால் வழக்கமான பரிசோதனை முறைகளில் பிழை எளிதில் நேரும். ஆகவே மரபணுவைத் தேடுவதற்கு முன், மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்னும் துல்லியமான முறையில், ஒரே ஆய்வகத்தில் இருவரும் அளந்து பாருங்கள். அளவு எப்படி இருந்தாலும், மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு ஏற்பட்டால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.