நாய் பிஸ்கட் மொறுமொறுப்பாக வரவே மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

எங்கள் நாய் மணிக்கு 7 வயது. எடை கூடிவிட்டது, கடை பிஸ்கட்டை நிறுத்துங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி 1 கப், பொடித்த ஓட்ஸ் 2 கப், ஒரு முட்டை. உப்பு, சர்க்கரை கிடையாது. ஓவனில் 180 டிகிரியில் 25 நிமிடம் வைத்தேன். ஓரம் சிவந்துவிட்டது, நடுவில் பிட்டால் களி. மணி அதையும் ஒரே வாயில் விழுங்கிவிட்டு என் கையையே பார்க்கிறான், அது வேறு விஷயம். நாலாம் நாள் டப்பாவைத் திறந்தால் வெள்ளையாகப் பூஞ்சை! அத்தனையும் குப்பைக்குப் போனது.

சூட்டைக் குறைத்து அதிக நேரம் வைத்தால் ஈரம் முழுக்கப் போகுமா? எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்? ஒரு நாள் கலோரியில் தின்பண்டம் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதால் சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் வெட்டுகிறேன். ஃப்ரீசரில் வைத்துக் கொடுப்பவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அப்புறம், வெங்காயம், திராட்சை, சாக்லேட் பக்கமே போவதில்லை. வேர்க்கடலை வெண்ணெய் சேர்த்தாலும் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) இல்லாததுதான். சைலிட்டால் நாய்க்கு விஷம் என்று தெரியும்.