எடை குறைப்பதில் சுபாவம்: தெப்பக்குளத்து நடைக்காரர்களிடம் கண்டவை

வைகைக்கரையான்:
மதுரைத் தெப்பக்குளத்தில் எடை குறைக்க நடக்க வந்து மூன்றாம் வாரமே காணாமல் போகிறவர்களைச் சோம்பேறி என்கிறோம். தப்பு. நிறையப் பேர் ஆர்வக் கோளாறால்தான் நடையை நிறுத்திவிடுகிறார்கள். குளத்தை ஒருமுறை சுற்றினாலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். இவர்கள் முதல் நாளே ஐந்து சுற்று, அதுவும் ரப்பர் செருப்போடு. பத்தாம் நாள் குதிகால் வலி. வேகக்கார சுபாவமா, முதல் வாரம் ஒரே சுற்று, பிறகு வாரத்துக்கு அரைச் சுற்று கூட்டினால் போதும். துணை இருந்தால்தான் நடப்பேன் என்கிறவர்கள் மூன்று பேராகச் சேருங்கள். ஒருவர் ஊருக்குப் போனாலும் நடை நிற்காது.

கீழவாசல் அக்கா:
அண்ணே, பதற்றக்காரர்களை விட்டுட்டீங்க. தினமும் எடை மெஷினில் ஏறி இறங்குகிறவர்கள். ராத்திரி பரோட்டா, சால்னா சாப்பிட்டால் காலையில் ஒரு கிலோ கூடக் காட்டும். உப்பு பிடித்து வைத்த தண்ணீரும் குடலில் கிடக்கும் சாப்பாடும்தான் அது. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். இது தெரியாமல் 'இனி எதுக்கு' என்று விட்டுவிடுகிறார்களே, அதுதான் வருத்தம். இவர்கள் டெய்லர் டேப்பால் வயிற்றுச் சுற்றளவை அளப்பது நல்லது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவில், மூச்சை விட்டபின், இறுக்காமல், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. நம் உடல்வாகுக்கு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கணும்.

மாசிவீதி:
தின்ன ஆசை வந்ததும் யோசிக்காமல் கை நீட்டுகிற அவசர குணக்காரர்கள்தான் ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள். அமெரிக்காவின் பால்டிமோரில் 1,988 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் குணம் மிக அதிகமுள்ள பத்து சதவீதத்தினர், மிகக் குறைவான பத்து சதவீதத்தினரைவிடச் சராசரியாக 11 கிலோ கூடுதல். இவர்களிடம் 'மனக்கட்டுப்பாடு வேணும்' என்பது வீண். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கப் சுண்டல் தின்றுவிடட்டும். ஏழரைக்கு கொத்துப் பரோட்டா சத்தம் கேட்கும்போது வயிறு காலியாக இருக்காது. முடிவையும் முன்கூட்டியே எடுக்கணும்: 'டீக்கடையில் நின்றால், வாயைத் திறந்ததும் சர்க்கரை பாதி என்று சொல்வேன்.' இடமும் செயலும் இப்படி முடிச்சுப் போட்டிருந்தால் அங்கே யோசிக்க வேண்டியதில்லை. நாலு டீ, தலா இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. அதில் பாதி போகும்.

கீழவாசல் அக்கா:
சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்குமுன் டாக்டரிடம் மருந்தளவைக் கேளுங்க. வெறும் வயிற்றில் நடக்கும்போது சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். பாக்கெட்டில் குளுக்கோஸ் இருக்கட்டும்.