முக்கோணம் வரையச் சொன்னால் முட்டை வருகிறது

சிலேட்டுப்பலகை:
எல்கேஜி, யுகேஜி பிள்ளைகள். "முக்கோணத்துக்கு 3 பக்கம், 3 முனை" என்று பாட்டாகச் சொல்லிவிடுகிறார்கள். வரைந்தால் முனை மழுங்கி முட்டை மாதிரி வருகிறது. சதுரத்துக்குப் புள்ளி வைத்துக் கொடுத்தால் சிலர் குறுக்கே இழுக்கிறார்கள், சிலர் கடைசிக் கோட்டையே விட்டுவிடுகிறார்கள். எங்கே தொடங்குவது?

ஈர்க்குச்சி:
வயதைப் பாருங்கள். பார்த்து வரைவதில் வட்டம் 3 வயதிலும் சதுரம் நாலு, நாலரையிலும் கைக்கு வரும். முக்கோணத்துக்கு 5 ஆகும். பக்கம் குறைவுதான், ஆனால் சாய்கோடு இழுக்க வேண்டுமே! எல்கேஜியில் அது முட்டையானால் கவலைப்படாதீர்கள்.

முனை மழுங்குவது கை நிற்காமல் திரும்புவதால். தரையில் சாக்பீஸால் பெரிதாக வரையவிடுங்கள். புள்ளி வரை இழு, கையை எடு, அதே புள்ளியில் மறுபடி வை, அப்புறம் திரும்பு. இந்த நிறுத்தம் பழகாமல் பென்சில் கொடுக்க வேண்டாம்.

அதற்கும் முன்னால் விளக்குமாற்று ஈர்க்கும் களிமண் உருண்டையும். 10 செ.மீ. நீளத்தில், தடித்த அடிப்பக்கமாக நறுக்குங்கள். நுனிப்பக்கம் வளையும், கண்ணிலும் குத்தும். 3 குச்சிக்கு 3 உருண்டை, 4 குச்சிக்கு 4. பக்கமும் முனையும் ஒரே எண்ணிக்கை என்பது கையிலேயே தெரிந்துவிடும்.

புள்ளிக்கோலம்:
மூன்று புள்ளியை எந்த வரிசையில் இணைத்தாலும் முக்கோணம்தான். நான்கு புள்ளி அப்படியில்லை, குறுக்கே போனால் உடுக்கையாகிவிடும். அதனால் சுற்றுவாக்கில் 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். கடைசிக் கோடு விடுபடுவதற்குக் காரணம், 4-ஐத் தொட்டதும் புள்ளி தீர்ந்துவிடுகிறது. கோடோ மூன்றுதான் விழுந்திருக்கும். "4-லிருந்து வீட்டுக்கு" என்று 1-க்குத் திரும்பச் சொல்லுங்கள்.

சிலேட்டுப்பலகை:
நன்றிங்க. ஈர்க்குச் சதுரம் ஒருபக்கமாகச் சாய்ந்தால்? நான்கு பக்கமும் சமம்தானே?

புள்ளிக்கோலம்:
சமம்தான், ஆனால் அது சாய்சதுரம். காலித் தீப்பெட்டியின் முனையை உள்ளே பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள், இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால்தான் சதுரம். இது யுகேஜிக்குப் போதும்.

இன்னொன்று: மூன்று வரிசையில் மும்மூன்று நேர்ப்புள்ளி வைத்துச் சதுரம் தேடவிடுங்கள். சிறியது 4, பெரியது 1 கிடைக்கும். நான்கு ஓரங்களின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஆறாவது. அதை "டைமண்ட்" என்பார்கள். மறுக்காதீர்கள், சிலேட்டைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கள்.