ரோஜர்ஸின் 2.5 சதவீதக் கணக்கை ஆய்வில் எப்படிப் போடுவது?

கரிசல்: வணக்கம். ஒரு புது முறை மக்களிடையே எப்படிப் பரவுகிறது என்று சொல்லும் எவரெட் ரோஜர்ஸின் புத்தாக்கப் பரவல் கோட்பாட்டை வைத்து ஒரு கள ஆய்வு. 120 விவசாயிகளில் 70 பேர் சொட்டுநீர் போட்டிருக்கிறார்கள். வருஷ வரிசையில் முதல் 2.5 சதவீதத்தை, அதாவது 3 பேரை, 'முன்னோடிகள்' என்று பிரித்துவிடலாமா? போடாத 50 பேரைக் கடைசி 16 சதவீதமான 'பின்தங்கியோரில்' சேர்க்கலாமா?

அளவுகோல்: இரண்டும் கூடாது. ரோஜர்ஸ் கோடு போட்டது தலையை எண்ணி அல்ல, காலத்தை வைத்து. 70 பேரும் போட்ட வருஷங்களுக்குச் சராசரியும், அதிலிருந்து வருஷங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்டவிலக்கமும் எடுங்கள். சராசரி 2016, விலக்கம் 3 வருஷம் என்று வைத்துக்கொண்டால், 2010-க்கு முன் போட்டவர்கள் முன்னோடிகள், 2013 வரை ஆரம்ப ஏற்பாளர்கள், 2016 வரை முன் பெரும்பான்மை, 2019 வரை பின் பெரும்பான்மை, மிச்சம் பின்தங்கியோர். பரவல் மணி வடிவில் இருந்தால்தான் 2.5, 13.5, 34, 34, 16 வரும். வராவிட்டால் வந்ததையே எழுதுங்கள், இழுத்துப் பொருத்த வேண்டாம். போடாத 50 பேர் தனிப் பிரிவு. அட்டவணைத் தலைப்பிலேயே 'ஏற்றவர்கள் மட்டும், 70' என்று குறித்துவிடுங்கள்.

வரப்பு: வருஷத்தை நினைவிலிருந்து கேட்டால் எல்லோரும் 'அஞ்சு வருஷம், பத்து வருஷம்' என்பார்கள், வரைபடத்தில் செயற்கையாக மேடு தட்டும். குழாய் வாங்கிய பில்லையோ மானிய ரசீதையோ பார்த்துச் சரிபாருங்கள். முதலில் கேள்விப்பட்ட வருஷத்தையும் கேளுங்கள். ரயன், கிராஸ் என்ற சமூகவியலாளர்கள் 1943-ல் வெளியிட்ட அயோவா வீரிய மக்காச்சோள ஆய்வில் 259 விவசாயிகளில் இருவர் தவிர எல்லோரும் மாறியிருந்தார்கள். ஆனால் கேள்விப்பட்டதற்கும் விதைத்ததற்கும் சராசரி இடைவெளி ஏறக்குறைய 9 வருஷம். செய்தியைக் கொண்டுவந்தவர் விதை விற்பனையாளர், நம்பவைத்தவர் பக்கத்துக் காட்டுக்காரர். ரோஜர்ஸின் அப்பாவே அயோவா விவசாயிதான். இயந்திரம் என்றால் ஆசையாக வாங்குவார், வீரிய விதையை மட்டும் தொடமாட்டார். 1936 வறட்சியில் அக்கம்பக்கத்து வீரியப் பயிர் நின்றது, அவருடையது கருகியது.

ஊர்க்குருவி: 'பின்தங்கியோர்' என்ற சொல்லில் கவனம் தேவை. பழியை ஆள்மேல் போட்டுவிடும். பெருவின் லோஸ் மோலினோஸில் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்லி 2 வருஷம் நடந்த பிரசாரத்தில், 200 குடும்பங்களில் 11 மட்டுமே மாறின. அங்கே கொதித்த நீர் நோயாளிக்கு உரியது. பெண்கள் முட்டாள்கள் இல்லை, யோசனை அவர்கள் சூடு–குளிர்ச்சிக் கணக்கில் ஒட்டவில்லை. புத்தாக்கம் என்றாலே நல்லது, எல்லோரும் ஏற்கவேண்டியது என்ற சாய்வை ரோஜர்ஸே பின்னாளில் குறையாகச் சொன்னார். உங்கள் 50 பேரிடம் கிணற்று நீர், கடன், குத்தகை மூன்றையும் கேட்டுவிட்டு அப்புறம் மனப்பான்மைக்குப் போங்கள்.

கரிசல்: நன்றி. 70-ல் 9 பேர் குழாயில் உப்படைத்துக் கழற்றிவிட்டார்கள். அவர்கள்?

அளவுகோல்: காலக் கணக்கில் இருக்கட்டும், போட்டது போட்டதுதான். கழற்றிய வருஷத்துக்குத் தனிப் பத்தி. ரோஜர்ஸ் கைவிடலை இரண்டாகப் பிரிப்பார்: அதைவிட நல்லது கிடைத்ததால் கைவிடுவது, வெறுத்துப்போய்க் கைவிடுவது. உங்கள் 9 பேர் இரண்டாவது வகை. வடிகட்டியும் அமிலக் கழுவலும் சொல்லித்தரப்பட்டதா என்று கேட்காமல் விடாதீர்கள்.