650 சொற்களில் வலையை எப்படி அடக்குவது?

காசிமேட்டுப் பையன்: அமெரிக்கக் கல்லூரிகளுக்கான காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தின் கட்டுரைக்கு 650 சொற்கள்தான் வரம்பு. அப்பா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, அப்போது அவரோடு உட்கார்ந்து வலை பழுது பார்ப்பேன். டியூஷன் அண்ணன் "வறுமையை வென்றேன்" என்று எழுதச் சொல்கிறார். கூச்சமாக இருக்கிறது.

ராயபுரம் அக்கா: கூச்சம் நியாயம்தான் தம்பி. வறுமையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். கிழிந்த வலையில் எந்தக் கண்ணில் தொடங்குவது என்று உனக்குத்தானே தெரியும்?

தண்டையார்பேட்டை: நான் முதலில் 1,100 சொற்கள் எழுதினேன். தாத்தா, சுனாமி, எல்லாவற்றையும் வெட்டினேன். பேச்சுப்போட்டிக் கோப்பையை வெட்டத்தான் மனம் வரவில்லை. அதுதான் முதலில் போயிருக்க வேண்டியது.

காசிமேட்டுப் பையன்: அப்பாவிடம் சொன்னேன். "முடிச்சைச் சரியாக எழுது, தப்பாகப் போட்டால் மானம் போய்விடும்" என்கிறார்.